அக்கா கேட்காத கேள்வி

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜேர்மனியில் நடந்து முடிந்த வருடத்து ஒக்டோபர் மாதம் அது. டோர்ட்முண்டில் எங்கள் தெருவில் சில பல்கனிகளில் அப்போதும் கொடிகள் வெளிறிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர்கால விடுமுறை. அந்த விடுமுறைக்குத்தான் மெல்பேர்ணிலிருந்து என் அக்காவும் அத்தானும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவை நான் கடைசியாக நேரில் பார்த்தது யாழ்ப்பாணத்தில், அவள் கல்யாணமாகிப் புறப்பட்ட நாளில். அதற்குப் பிறகு அவள் உலகத்தின் ஒரு மூலை, நான் ஒரு மூலை. தொலைபேசியும், தபாலில் வரும் படங்களும்தான் எங்கள் உறவைக் காப்பாற்றி வைத்திருந்தன.

அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அத்தானுக்கு அவுஸ்திரேலியாவின் தேசியப் பூங்காக்கள் என்றால் உயிர். லீவு கிடைத்தால் போதும், அக்காவையும் சோற்றுப் பானையையும் காரில் ஏற்றிக்கொண்டு நாள்கணக்காக ஓடுவார். காடு, மலை, நீர்வீழ்ச்சி. கடித உறையைத் திறந்தால் நீர்வீழ்ச்சி. மற்ற உறையைத் திறந்தால் இன்னொரு நீர்வீழ்ச்சி. மனிதரைக் காணவே கிடைக்காது. "உன்ரை அத்தானுக்கு என்ன, தண்ணி இலாகாவிலையோ வேலை?" என்று என் கணவர் கேட்பார்.

என் கணவர் வேறு ரகம். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கல்யாணவீடு, சாமத்தியவீடு என்றால் ஆயிரம் கிலோமீற்றரும் ஓடுவார். ஆனால் ஓர் இடத்தைப் பார்க்கப் போவோம் என்றால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "அங்கை ஆரின்ரை வீடு இருக்கு?" என்பதுதான். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அகதியாக வந்த காலத்தில் பக்கத்து மாவட்டத்துக்குப் போவதென்றாலும் வெளிநாட்டவர் கந்தோரில் அனுமதி வாங்க வேண்டும். சும்மா சுற்றிப் பார்ப்பதற்கென்று யார் அனுமதி கேட்பது? அந்தப் பழக்கம் பாஸ்போர்ட் கிடைத்த பிறகும் போகவில்லை. ஜேர்மனி அவருக்கு மலையும் ஆறும் உள்ள ஒரு நாடு அல்ல, தெரிந்த ஆட்களின் வீடுகள் உள்ள ஒரு நாடு.

வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, அத்தான் வரவேற்பறைக் கம்பளத்தில் ஜேர்மனி வரைபடத்தை விரித்துவிட்டார். "இஞ்சையும் தேசியப் பூங்கா இருக்காமே. ஒரு சுற்றுச் சுற்றிப்போட்டு வருவம்." என் கணவர் வரைபடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, பொன் நகரில் ஒரு வீடு, ஸ்டுட்கார்ட்டில் ஒரு வீடு என்று விரலால் தொட்டுக் காட்டினார். அத்தான் விரல் வைத்த ஹார்ஸ் மலையில் மட்டும் எந்தத் தமிழ் வீடும் அகப்படவில்லை. "அங்கை காசு குடுத்துத்தான் படுக்க வேணும் அண்ணை" என்றார், ஏதோ பெரிய அவமானத்தைச் சொல்வதுபோல.

இனி அக்காவின் விஷயம். எங்கள் ஆட்களில் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் தடைப்படும் என்பார்கள். "தூரமோ?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். பலர் இதை அரைகுறையாகத்தான் பார்ப்பார்கள், ஆனால் அக்கா அப்படியல்ல. நான் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் விடியற்காலையில் அப்பா கொழும்புக்குப் புறப்பட்டார். வாசலில் நின்ற அக்கா, "எங்கை அப்பா போறியள்?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பயணத்தில் அப்பாவை வழியில் ஆமிக்காரர் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பல வாரம் கழித்து, உடம்பு பாதியாகித்தான் வீடு வந்தார். அக்காவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அவள் அதன் பிறகு யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. மற்றவர்கள் கேட்கவும் விடமாட்டாள்.

பயணம் புறப்பட்ட காலையிலேயே கூத்துத் தொடங்கிவிட்டது. எங்கள் கட்டிடத்தில் கீழ்வீட்டில் ஒரு ஜேர்மன் மூதாட்டி இருந்தா. நல்ல மனுசி. யாராவது படி இறங்கினால் யன்னலைத் திறந்து, எங்கே பயணம் என்று சிரித்த முகத்தோடு கேட்காவிட்டால் அவவுக்குச் சாப்பாடு இறங்காது. நாங்கள் பானைகள், தலையணைகள், பொரித்த ரோல்ஸ் அடுக்கிய பெட்டி எல்லாம் சுமந்துகொண்டு இறங்க, அவ யன்னலைத் திறந்து கேட்டா. அக்காவுக்கு ஜேர்மன் தெரியாது. ஆனாலும் என் மகளைப் பிடித்து, "என்னவாம்?" என்று கேட்டாள். இங்கே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு அப்போது பதினாறு வயது. மறைக்கத் தெரியாது. "எங்கை போறீங்கள் எண்டு கேக்கிறா பெரியம்மா" என்றாள்.

முடிந்தது கதை. அக்கா எல்லோரையும் திருப்பி மேலே ஏற்றினாள். கதிரையில் இருக்க வைத்தாள். சகுனப் பிழை கழிய ஆளுக்கொரு மிடறு தண்ணீர் தந்தாள். மறுபடி பானை, தலையணை, ரோல்ஸ் பெட்டி. மறுபடி இறங்கினால், அந்த மனுசி மறுபடி யன்னலைத் திறந்து, எதையோ மறந்துவிட்டீர்களா, அப்படி எங்கேதான் போகிறீர்கள் என்று இன்னும் அன்பாகக் கேட்கிறா! மறுபடி மேலே, மறுபடி தண்ணீர். கடைசியில் நிலவறைக் கதவால் கள்ளர்மாதிரிப் பின்பக்கமாக வெளியேறினோம். "இனி வழியிலை ஒவ்வொரு இடத்திலையும் ஒண்டுக்கு நிப்பாட்ட வேண்டியதுதான்" என்று என் கணவர் வான் வண்டியை எடுத்தார்.

முதலில் ஐஃபல் பக்கம் போனோம். பாசி படர்ந்த ஒரு பாறையிலிருந்து நூல்நூலாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எனக்கு வடிவாகத்தான் இருந்தது. அத்தான் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவோ நீர்வீழ்ச்சி? எங்கட குசினிப் பைப் இதைவிட வடிவாய் ஓடும்" என்றார். அகன்ற விளிம்புத் தொப்பி, தடித்த சப்பாத்து, தோளில் கமரா என்று அவர் நின்ற நிலைக்கு அந்தத் தண்ணீருக்கே வெட்கம் வந்திருக்கும். பிறகு கறுப்புக்காட்டுப் பகுதியில் ட்ரீபெர்க் நீர்வீழ்ச்சி. படிபடியாக மலையிலிருந்து இறங்குகிறதைக் கண்டதும், "பரவாயில்லை, இது கொஞ்சம் சோறு திண்ட நீர்வீழ்ச்சி" என்று மனமிரங்கினார். அந்த மகிழ்ச்சியில் வாயருகே கையைக் குவித்து, "கூ...ஈ!" என்று ஒரு கூவல் போட்டார் பாருங்கள்! சுற்றுலா வந்த சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவுஸ்திரேலியக் காட்டில் ஒருவரை ஒருவர் தேடுவதற்கு இப்படித்தான் கூவுவார்களாம். என் மகள் எங்களைத் தெரியாத பிள்ளைபோலத் தள்ளிப்போய் நின்றாள்.

ஒரு விஷயத்தை அப்போதே கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. போகிற இடத்திலெல்லாம் அத்தான் கமராவோடு மேலே ஏறிப் போய்விடுவார். அக்கா கீழே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொதியைக் காவல் காப்பாள். நான் பக்கத்தில் இருந்து ஊர்க்கதை கதைப்பேன். இத்தனை வருடத்துக் கதை அல்லவா, எனக்கும் அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

கடைசியாக ஹார்ஸ். அந்தத் தேசியப் பூங்காவின் அடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே ஓர் ஆறு கல்லுக்குக் கல் தாவி, சின்னச் சின்ன நீர்வீழ்ச்சிகளாக இறங்கி வருகிறது. வானை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தோம். இலைகள் மஞ்சளும் செம்மையுமாகப் பழுத்துக் கிடந்தன. ஒரு மர மேசையில் அக்கா புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் சம்பலையும் பரப்பத் தொடங்கினாள். அத்தான் ஒரே ஒரு ரோல்ஸைக் கடித்தார். பிறகு கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு எழும்பினார்.

என் மகள் வாயைத் திறந்தாள். "பெரியப்பா, எங்..." அக்கா பார்த்த பார்வையில் மிச்சம் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது. அத்தான் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், நடந்தார், மரங்களுக்குள் மறைந்தார்.

புட்டு ஆறியது. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. முதலில் உச்சி மரங்கள் மறைந்தன, பிறகு நடு மரங்கள், பிறகு ஆற்றின் அக்கரை. அத்தானைக் காணவில்லை. "கழிப்பறைக்குப் போயிருப்பார்" என்றார் என் கணவர். "படம் எடுத்துக்கொண்டு நிப்பார்" என்றேன் நான். மகள், "மலை உச்சிக்கே போயிருப்பார்" என்றாள். அக்காவுக்குக் காத்திருப்பது பழக்கம். ஆனால் அவள் கை மட்டும் மூடிய சட்டியை மறுபடி மறுபடி திறந்து மூடிக்கொண்டிருந்தது.

என் கணவர் வான் நின்ற இடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். அத்தானின் கைத்தொலைபேசி வானுக்குள் சார்ஜில் கிடந்ததாம். அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். "காலமை சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டவர். ஒரு ரோல்ஸோடை எழும்பிப் போட்டார். சாப்பிடாட்டில் சீனி இறங்கும், தலை சுத்தும்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அதுவரை பகிடியாக இருந்த ஒரு நாள், அந்த ஒரு சொல்லோடு மாறிப்போனது. குளிர், பனிமூட்டம், ஒக்டோபர் மாதத்துக் குறுகிய பகல். அத்தான் இருட்டுவதற்குள் வந்தாக வேண்டும்.

நல்லகாலம், பூங்காவின் காவலர் ஒருவர் அந்த வழியால் வந்தா. பச்சைச் சட்டை போட்ட, நடுவயதுப் பெண். விஷயத்தைச் சொன்னேன். அவ நிதானமாகக் கேட்டா, "எங்கே போவதாகச் சொன்னார்?"

"சொல்லவில்லை" என்றேன்.

"நீங்கள் கேட்கவில்லையா?"

"இல்லை."

"ஐந்து பேர் ஒரே மேசையில் இருந்திருக்கிறீர்கள். ஒருவர் எழும்பிக் காட்டுக்குள் போகிறார். ஒருவருமா கேட்கவில்லை?"

இதற்கு ஜேர்மனில் என்னவென்று பதில் சொல்வது? நான் பேக்கரியில் நின்று வேலை செய்கிறவள். என் ஜேர்மன் பாணுக்கும் கேக்குக்கும் போதும், வாழ்க்கைக்கும் ஓரளவு போதும். சகுனத்துக்குப் போதாது. எங்கள் ஆட்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள், கேட்டால் கெட்டது நடக்கும் என்று நம்புகிறோம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. அக்காவின் கலங்கிய கண்ணைப் பார்த்தா. பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில், கணவன் மனைவிக்குள் ஏதும் சண்டையா, கோபித்துக்கொண்டு போனாரா, என்னிடம் பயமில்லாமல் சொல்லலாம் என்றா.

"என்னடி கேக்கிறா?" என்றாள் அக்கா.

"உங்களுக்கும் அத்தானுக்கும் சண்டையோ எண்டு."

"அடி கோதாரி! அந்த மனுசனோடை ஆரால சண்டை பிடிக்க ஏலும்?" என்று அக்கா அழுகைக்குள்ளும் கோபப்பட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே காவலருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. சரி, என்று தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டா. "நீர்வீழ்ச்சிகளுக்குப் போனால் இவர் வழக்கமாக என்ன செய்வார்? மனைவிக்குத் தெரிந்திருக்குமே."

நான் அக்காவிடம் கேட்டேன். அவள் சொன்ன பதிலை என்னால் மறக்கவே முடியாது. "எனக்கென்னடி தெரியும்? நான் காருக்குள்ளை எல்லோ இருப்பன்."

எனக்குப் புரியவில்லை. "எத்தினை நீர்வீழ்ச்சி பாத்திருக்கிறியள் அக்கா?"

"நான் எங்கை பாத்தன்? அவர் இறங்கிப் போவார். நான் கார் நிப்பாட்டிற இடத்திலை சாப்பாட்டோடை இருப்பன். வந்து படம் காட்டுவார்."

அத்தனை உறை, அத்தனை படம். இவள் அந்தக் கண்டம் முழுக்கச் சுற்றியிருக்கிறாள், பார்த்ததெல்லாம் கார் நிறுத்துமிடங்கள். படங்களில் மனிதரே இல்லையே என்று நாங்கள் சிரித்தோமே தவிர, அக்கா ஏன் அதில் இல்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பிறகு அக்காவே சொன்னாள். "ஒருநாள் சொன்னவர், தண்ணி தொடங்கிற இடத்தைக் கண்டால்தான் பாத்தமாதிரி இருக்கு எண்டு." அதை மொழிபெயர்த்ததும் காவலரின் முகம் தெளிந்தது. அப்படியென்றால் மேலே, ஆற்றோடு போயிருப்பார் என்றா. இடுப்பில் இருந்த கருவியில் தன் ஆட்களுக்குச் செய்தி சொன்னா. என் கணவரையும் மகளையும் அத்தான் திரும்பி வந்தால் பிடித்து வைக்கச் சொல்லி மேசையடியில் நிறுத்தினா. தானும் நானும் போவோம் என்றா.

"நானும் வாறன்" என்றாள் அக்கா.

அவள் காலில் கிடந்தது வீட்டுக்குள் போடுகிற மாதிரியான மெல்லிய சப்பாத்து. காவலர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினா. என் மகள் குனிந்து, தன் தடித்த மலைச்சப்பாத்தைக் கழற்றிப் பெரியம்மாவின் காலில் மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டினாள். அக்கா ரோல்ஸில் இரண்டையும், தேத்தண்ணிக்கு இனிப்பாகக் கொண்டுவந்த பனங்கட்டித் துண்டுகளையும் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் நடந்தாள்.

பாதை கல்லும் வேருமாக ஈரத்தில் வழுக்கியது. ஆற்றின் சத்தம் மட்டும் கேட்கிறது, ஆற்றைக் காணவில்லை. காவலர் அக்காவிடம் கைகாட்டி, பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னா. இங்கேதான் அடுத்த சோதனை. எங்கள் ஊரில் அந்தக்காலப் பெண்பிள்ளை புருசன் பெயரைச் சொல்லுவாளா? அதுவும் அக்கா! அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு பனிமூட்டத்தைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"இஞ்சருங்கோ!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைக் கூப்பிட்டது அப்படித்தான். காவலருக்கு என்ன தெரியும்? அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து, தானும் கையைக் குவித்து, "ஹேர் இஞ்சருங்கோ! ஹேர் இஞ்சருங்கோ!" என்று மரியாதையாகத் திருவாளர் போட்டுக் கூப்பிடத் தொடங்கினா. அந்தப் பயத்துக்குள்ளும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவைப் பார்க்கிறேன், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். திருத்திச் சொல்ல நேரமில்லை. மூன்று பேருமாக அந்த ஜேர்மன் காடு முழுக்க "இஞ்சருங்கோ" என்று கத்திக்கொண்டு ஏறினோம்.

ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. காவலர் நின்றா. இரண்டு பக்கமும் தண்ணீர்ச் சத்தம். வெளிச்சம் வேறு மங்கிக்கொண்டு வந்தது. அக்கா கையைப் பிசைந்தாள். "முருகா, முருகா" என்று அவள் உதடு அசைந்தது. அந்த நேரத்தில்தான் இடப்பக்கமாக, மிக மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது.

"கூ...ஈ!"

"அவர்தான்!" என்றாள் அக்கா. அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மூட்டுவலி என்று எங்கள் வீட்டுப் படியையே முனகி முனகி ஏறிய மனுசி, அந்த வழுக்குப் பாதையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் மூச்சு வாங்கினேன்.

அத்தான் ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து இருந்தார். முகம் வெளுத்திருந்தது. அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது. கைகள் நடுங்கின. கமராவை மட்டும் குழந்தையைப்போல ஜக்கெற்றுக்குள் பொத்தி வைத்திருந்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கைலேஞ்சியை அவிழ்த்துப் பனங்கட்டியை அவர் வாய்க்குள் வைத்தாள். இன்னொரு துண்டு. பிறகு ரோல்ஸ். காவலர் சரசரக்கும் வெள்ளிப் போர்வை ஒன்றை எடுத்து அவரைச் சுற்றிப் போர்த்தினா. கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்துக்கு நிறம் திரும்பியது. நடுக்கம் நின்றதும்தான் அக்கா பக்கத்தில் இருந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். ஏன் என்று கேட்டால், எல்லாவற்றுக்குமாகத்தான்.

அத்தானுக்குப் பேச்சு வந்ததும் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "ஒரு வெள்ளைக்காரி என்னை இஞ்சருங்கோ எண்டு கூப்பிடுறா. சரி, மேலுலகம் வந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன்."

பனிமூட்டம் சூழ்ந்ததும் சத்தத்தைப் பிடித்து நடந்தாராம். இரண்டு பக்கமும் சத்தம் கேட்டதும் குழம்பிவிட்டாராம். தலை சுற்றத் தொடங்கியபோது, வழி தவறினால் நின்ற இடத்தை விட்டு அசையாதே என்று அவுஸ்திரேலியக் காட்டில் படித்த பாடம் ஞாபகம் வந்து, அப்படியே இருந்துவிட்டாராம். இதைக் கேட்ட காவலர், அந்த ஒரு காரியத்தையாவது சரியாகச் செய்தாரே என்றா. நான் மொழிபெயர்த்ததும் அத்தான் தன் பக்க நியாயத்தைச் சொன்னார். "அங்கை எண்டால் வாசல்லை நிக்கிற காவலாளிக்கு, இன்ன பாதையாலை போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போறனான்."

அக்கா அழுகையை நிறுத்தினாள். "ஆரோ ஒருத்தனுக்குச் சொல்லுவியள். எனக்குச் சொல்லமாட்டியளோ?"

"நீ கேட்டால்தானே சொல்லலாம்?" என்றார் அத்தான். "நானாய்ச் சொல்லலாம் எண்டால், அதுவும் சகுனம் பிழைச்சிடுமோ எண்டு நீ பயப்பிடுவாய். உனக்கு ஏன் பயத்தைக் குடுப்பான் எண்டு நான் பேசாமல் போறனான்." பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எத்தினை நாள் நினைச்சிருக்கிறன், இவள் கேட்டாளெண்டால் நீயும் வாவன் எண்டு கூப்பிடலாமே எண்டு" என்றார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாறையில் ஊரும் எறும்பைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்த நேரம் எனக்கு இடமில்லை. பக்கத்தில், பாறைக்குக் கீழே, பாசிக்குள்ளிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. அங்கே தொடங்கும் பல ஓடைகளில் அதுவும் ஒன்று என்றா காவலர். அத்தான் தேடிப் போன இடம் அதுதான். பார்க்க ஒரு கோப்பைத் தண்ணீர்கூட இல்லை. அக்கா குனிந்து விரலை நனைத்தாள். "இதுக்கோ இவ்வளவு பாடு?" என்றாள். ஆனால் விரலை எடுக்கவில்லை.

காவலரின் சக ஊழியர் காட்டுப்பாதை வரை ஜீப் கொண்டுவந்திருந்தார். இருட்டுவதற்கு முன் கீழே வந்துவிட்டோம். என் மகள் பெரியம்மாவின் மெல்லிய சப்பாத்தோடு ஓடிவந்து பெரியப்பாவைக் கட்டிப்பிடித்தாள். என் கணவர் அத்தானின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "இதுக்குத்தான் அண்ணை நான் சொல்லுறனான், ஆரின்ரையும் வீட்டை போனால் இந்தக் கரைச்சல் இல்லை" என்றார். எல்லோரும் வெடித்துச் சிரித்தோம். காவலருக்கு ஆறிப்போன புட்டைக் கொடுத்தோம். சம்பல் உறைத்து மூக்கு வடிந்தாலும் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டா. புறப்படும்போது எல்லோருக்கும் கைகொடுத்து, சாதாரணமாகக் கேட்டா, "இனி எங்கே போகிறீர்கள்?"

எங்களுக்கு மூச்சே நின்றுபோனது. இனி எத்தனை மிடறு தண்ணீர் குடிக்க வேண்டுமோ!

"என்னவாம்?" என்றாள் அக்கா. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவளே பதில் சொன்னாள். இன்றைக்கு விடுதிக்கு, நாளைக்கு டோர்ட்முண்டுக்கு, தங்கச்சி வீட்டுக்கு. போகிற பாதையைக்கூடக் கையால் காட்டினாள்.

மறுநாள் வீடு திரும்பும் வழியில் இன்னொரு சின்ன நீர்வீழ்ச்சி இருந்தது. நிறுத்தவே வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அத்தான் இந்தத் தடவை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, பழக்கதோஷம், கமராவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழும்பினார்.

"இஞ்சருங்கோ" என்றாள் அக்கா. அவர் திரும்பினார். அப்பாவை வழியனுப்பிய அந்த விடியற்காலை அவள் கண்ணில் வந்து போனதை நான் பார்த்தேன். பிறகு கேட்டாள்.

"எங்கை போறியள்?"

அத்தான் அப்படியே நின்றுவிட்டார். "மேலை" என்றார். "நீயும் வாறியோ?"

"பொறுங்கோ, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாறன்."

என் மகள் அதற்குள் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

அவர்கள் மெல்பேர்ண் திரும்பிய பிறகு வந்த முதல் உறையில் வழக்கம்போல ஒரு நீர்வீழ்ச்சி. ஆனால் அதன் உச்சியில், காற்றில் சேலைத் தலைப்புப் பறக்க, காலில் புதுத் தடித்த சப்பாத்தோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்கா நின்றாள். என் கணவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தார். இப்போதெல்லாம் அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது நான் வேண்டுமென்றே கேட்பேன், எங்கை போறியள் என்று. "வேறை எங்கை, வேலைக்குத்தான். நீயும் வாறியோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே படி இறங்குவார். கேட்டால் போகிறவரைத் தடுத்துவிடும் என்று நாங்கள் பயந்து ஒதுக்கிய அந்தக் கேள்விதான், ஒருவரோடு கூடப் போவதற்கான வாசல் என்று அந்தப் பனிமூட்டத்தில் நான் அறிந்துகொண்டதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறைகிறது.